ராத்திரி 10 மணிக்கு போனை எடுப்பது சாட்பாட்டா, ஆளா? வளரும் சாஃப்ட்வேர் தொழிலுக்கு ஒரகடம் சொல்லும் பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் வழியில், வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கார், பைக், லாரி, டயர் என பெரிய பெரிய ஆலைகளின் போர்டுகள்தான் ரோடு முழுக்கக் கண்ணில் படும். அந்த ஆலைகளுக்கு போல்ட், பிராக்கெட், ரப்பர் பாகம், வயர் எல்லாம் செய்து அனுப்பும் சின்ன யூனிட்டுகள் அவ்வளவாகக் கண்ணில் படாது.

அதைவிடக் கண்ணில் படாத இன்னொரு தொழில் இருக்கிறது. இந்தச் சின்ன யூனிட்டுகளுக்கு பில், ஸ்டாக், டிஸ்பேட்ச் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் நாலைந்து பேர் கொண்ட குட்டி நிறுவனங்கள்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு 10 மணி. பெங்களூருக்கு சரக்கு ஏற்றிப் போன வண்டியை சுங்குவார்சத்திரம் பக்கத்தில் அதிகாரிகள் நிறுத்துகிறார்கள். இ-வே பில்லில் வண்டி எண் ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. டிரைவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரைக் கூப்பிடுகிறார். அவர் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்கு, 'சார், வண்டி நின்னுடுச்சு, என்ன பண்றது?' என்று மெசேஜ் போடுகிறார்.

'உங்கள் கேள்விக்கு நன்றி. வாகன எண்ணை மாற்ற பகுதி-பி பக்கத்துக்குச் செல்லவும்' என்று சாட்பாட் பதில் சொல்கிறது.

பதில் தப்பில்லை. ஆனால் வண்டி ஏற்கெனவே பிடிபட்டாயிற்று. இனி அந்தப் பதில் எதற்கு?

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய கேள்வி வருகிறது. தொழில் வளர வேண்டும் என்றால் எதையெல்லாம் மெஷினிடம் விடலாம், எதை விடவே கூடாது? விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தப் பகுதியில் தனி சாஃப்ட்வேர் எதற்கு?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து முதல் சான்ட்ரோ கார் 1998-ல் வெளியே வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-லும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பட்டன. அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்ட் எல்லாம் ஒரகடத்துக்கு வந்தன. பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹாவும் ராயல் என்ஃபீல்டின் இன்னொரு ஆலையும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஆலைகள் மாதக்கணக்கில் ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை. பாகம் வர வேண்டிய நேரத்துக்கு வர வேண்டும். லேபிள், பார்கோடு, டெலிவரிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய தகவல் என்று ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் ஒரு தனி நடைமுறை. மூன்று கம்பெனிகளுக்கு சப்ளை செய்பவர் மூன்று விதமாக பேப்பர் தயார் பண்ண வேண்டும்.

அதற்கு மேல் ஜிஎஸ்டி. இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் தொடங்கியபோது ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் கட்டாயம். படிப்படியாக அந்த வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் ரூ.5 கோடிக்கு வந்துவிட்டது. அதாவது, பெரிய ஆலையின் அக்கவுன்ட்ஸ் பிரிவு பார்த்த வேலையை இப்போது 20 பேர் வேலை செய்யும் ஷெட்டில் ஒரே ஒருவர் பார்க்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் குட்டி சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்குப் பிழைப்பு இருக்கிறது. பெரிய ஈஆர்பி வாங்கக் கட்டுப்படியாகாது, எக்ஸெல் ஷீட் போதாது. நடுவில் ஒன்று வேண்டும்.

வளர்ந்தால் என்ன பிரச்சினை?

ஒரு எளிய கணக்கு போடுவோம். உதாரணத்துக்கு மட்டும்தான்.

மாதம் ரூ.2,000 கட்டணம், 40 வாடிக்கையாளர்கள். வருமானம் ரூ.80,000. ஒவ்வொருவரும் மாதம் 5 முறை கூப்பிட்டால் 200 அழைப்புகள். 25 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 8. ஓனரே பேசிவிடலாம். யார் வீட்டில் கல்யாணம், எந்த யூனிட்டில் புது பிரஸ் மெஷின் வந்திருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே தொழில் 400 வாடிக்கையாளர்களாக வளர்ந்தால் வருமானம் ரூ.8 லட்சம். ஆனால் அழைப்புகள் ஒரு நாளைக்கு 80. ஒரு அழைப்புக்கு 10 நிமிடம் என்றாலே 13 மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டும். போன் பேசவே தனியாக ஆள் வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி வேண்டும், ராத்திரி ஷிஃப்ட் வேண்டும்.

அதனால், 'எல்லாத்தையும் ஏஐ பார்த்துக்கட்டும்' என்ற எண்ணம் வருவது இயல்புதான். அதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆட்டோமேஷன் இல்லாமல் இந்த அளவைத் தாண்டவே முடியாது என்பதும் உண்மை.

ஆனால் இது கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஆப் இல்லை. வாங்கக்கூடிய மொத்த ஆட்களே சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் பேர். அவர்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியும். ஒரு யூனிட்டில் பர்ச்சேஸ் பார்த்தவர் அடுத்த வருஷம் இன்னொரு யூனிட்டில் மேனேஜராக இருப்பார். 'அவங்க சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, ஆனா கூப்பிட்டா யாரும் எடுக்க மாட்டாங்க' என்ற ஒரு வரி டீக்கடையில் சொல்லப்பட்டால் போதும், விளம்பரத்தால் அதை மாற்ற முடியாது.

ஜிஎஸ்டி மாறிய நாள் காட்டியது என்ன?

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் பெரிய மாற்றத்தை அறிவித்தது. சிறிய கார், லாரி, 350 சிசி வரையிலான பைக் ஆகியவற்றுக்கு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. வாகன உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம் என்று ஒரே விகிதம் வந்தது. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22. இடையில் இருந்தது 3 வாரத்துக்கும் குறைவான அவகாசம்.

மெஷினுக்கு இது சுலபமான வேலை. 22-ம் தேதி முதல் புது விகிதம் என்று ஒரு அப்டேட் அனுப்பினால் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் மாறிவிடும். ஆட்டோமேஷன் இல்லாமல் 400 இடத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில்தான். '20-ம் தேதி சரக்கு அனுப்பிட்டேன், பில் 23-ம் தேதிதான் போட்டேன், பணம் இன்னும் வரல. எந்த வரி?'

வரி விகிதம் மாறும்போது சரக்கு போன நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றையும் சட்டம் பார்க்கிறது. இந்த மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த விகிதம் என்பது எளிய சூத்திரம். மேலே சொன்ன உதாரணத்தில் பில்லும் பணமும் மாற்றத்துக்குப் பிறகு என்பதால் புது விகிதம். ஆனால் பழைய விகிதத்தில் பில் போட்டு அனுப்பிய பாகம் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான்.

இந்த விதியை சாட்பாட்டுக்குக் கற்றுக் கொடுக்கலாம். ஆனால் ஸ்டோர்ஸில் இருப்பவர் இந்த மூன்று தேதியையும் சேர்த்துக் கேட்க மாட்டார். 'சார், வரி தப்பா வருது' என்று மட்டும்தான் சொல்வார். அந்த ஒற்றை வரிக்குள் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று அவருடைய தொழில் தெரிந்த ஒருவர்தான் சட்டெனப் பிடிப்பார்.

உலகம் முழுக்க என்ன நடந்தது?

இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர்.

ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தன் ஏஐ உதவியாளர் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. வாடிக்கையாளர் உரையாடல்களில் மூன்றில் இரண்டு பங்கை அது பார்த்துக்கொள்கிறது என்றது. 2025 மே மாதம் அதே நிறுவனத்தின் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவைக் குறைப்பதிலேயே கவனம் போனதால் சேவையின் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் விரும்பினால் பேசுவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்று மறுபடியும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். ஏஐ-யை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.

2025 ஏப்ரலில் கர்சர் என்ற புரோகிராமிங் சாஃப்ட்வேரில் இன்னொரு கூத்து. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு மாறினால் சிலருக்குத் தானாக லாக்-அவுட் ஆனது. ஏன் என்று கேட்டவருக்கு, 'இது எங்கள் புதிய விதி' என்று பதில் வந்தது. அப்படி ஒரு விதியே கிடையாது. பதில் போட்டது ஏஐ, அதுவாகவே கற்பனை செய்து சொல்லியிருக்கிறது. கோபத்தில் சிலர் சந்தாவை ரத்து செய்த பிறகு நிறுவனம் மன்னிப்பு கேட்டது.

'சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று நழுவவும் முடியாது. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்த வழக்கில், அதற்கு விமான நிறுவனம்தான் பொறுப்பு என்று கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மெஷின் தவறு செய்தது மட்டும் பிரச்சினை இல்லை. தனக்குத் தெரியாது என்று நிற்கவோ, உடனே ஒரு ஆளைக் கூப்பிடவோ சரியான வழி வைக்காததுதான் பிரச்சினை.

நம்ம ஊர் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன?

தமிழ்நாட்டு சாஃப்ட்வேர் தொழிலின் கதையிலேயே இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவில் இருந்து சென்னைக்கு வீடு மாறியபோது, வந்து சேர்ந்த டிவி உடைந்திருந்தது. இழப்பீடு கேட்டு அலைந்தும் நடக்கவில்லை. கடைசியில் இணையத்தில் பொதுவெளியில் எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. வாடிக்கையாளர் குரல் எப்படிக் கேட்கப்படுகிறது என்ற அந்த அனுபவம், 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்க ஒரு காரணம் என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அதுதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது.

ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ, 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. உலகம் முழுக்க நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளப் பயன்படுத்தும் ஜோஹோ டெஸ்க் உருவானது அங்கேதான்.

இன்னொரு உதாரணம் டேலி. 1986-ல் தொடங்கிய பெங்களூரு நிறுவனம். இந்தியா முழுக்கக் கடைக்காரர்களிடம் அது போய்ச் சேர்ந்ததற்கு சாஃப்ட்வேர் மட்டும் காரணம் இல்லை. ஊருக்கு ஊர் இருக்கும் டேலி பார்ட்னர்கள் ஒரு பெரிய காரணம். சாஃப்ட்வேர் கணக்கைத் தானாகப் போடும். ஆனால் அதை இன்ஸ்டால் செய்து, சொல்லிக் கொடுத்து, வருஷக் கடைசியில் கூப்பிட்டால் வந்து பார்ப்பவர் அந்த ஊர்க்காரர். மெஷின் வேலையும் ஆள் வேலையும் தனித்தனியாகப் பிரிந்து நின்ற ஏற்பாடு இது.

பதில் ஆலைக்குள்ளேயே இருக்கிறதா?

ஒரகடம் பகுதியில் ஆலை வேலைக்குப் போனவர்களில் பலருக்கு ஆன்டான் விளக்கு தெரிந்திருக்கும். அசெம்பிளி லைனில் ஏதாவது சரியில்லை என்றால் தொழிலாளி கயிற்றை இழுப்பார், அல்லது பட்டனை அழுத்துவார். விளக்கு எரியும். டீம் லீடர் ஓடி வருவார். அங்கேயே சரியானால் லைன் ஓடும், இல்லையென்றால் நிற்கும்.

டொயோட்டா உலகுக்குக் கொடுத்த இந்த முறைக்கு ஜப்பானிய மொழியில் ஜிடோகா என்று பெயர். மனிதத் தொடர்பு உள்ள ஆட்டோமேஷன் என்றுதான் அந்த நிறுவனமே இதற்கு விளக்கம் சொல்கிறது. இதன் வேர் கார் ஆலையில் இல்லை, தறியில். சகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். பட்டுக்குப் பெயர் போன காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் அத்தனையும் வீண்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தறி தானாக நின்றதால்தான் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தறியையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நின்ற தறிக்கு மட்டும் போனால் போதும். அதாவது, நிற்கத் தெரிந்த மெஷின்தான் தொழிலை வளர்த்தது.

சாஃப்ட்வேர் தொழிலுக்கும் இதே விதிதான். 80 அழைப்புக்கும் ஆள் வேண்டாம், 80-ஐயும் சாட்பாட்டே முடிக்கவும் வேண்டாம். நூல் அறுந்த அழைப்பு எது என்று கண்டுபிடித்து, நின்று, ஆளைக் கூப்பிடும் சாட்பாட் வேண்டும்.

எதை மெஷினிடம் விடலாம்? எதை விடக் கூடாது?

மெஷினிடம் தைரியமாக விடக்கூடியவை:

• பாஸ்வேர்டு மாற்றுவது, பழைய பில்லை எடுத்துத் தருவது, பேக்கப் எடுப்பது.

• வரி விகிதம், லேபிள் வடிவம் போன்ற அப்டேட்டுகள்.

• முன்கூட்டியே எச்சரிப்பது. இ-வே பில் காலாவதி ஆவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, காலாவதி ஆன 8 மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். இதை ஞாபகப்படுத்த மெஷினைவிட நல்ல ஆள் கிடையாது.

• போனை எடுக்கும் ஊழியருக்கு, கூப்பிடுபவர் யார், கடைசியாக என்ன பிரச்சினை வந்தது என்று திரையில் காட்டுவது.

ஆள்தான் பேச வேண்டியவை:

• முதல் முறை சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது. ஷாப் ஃப்ளோரை நேரில் பார்க்காமல் அந்த யூனிட் எப்படி ஓடுகிறது என்று புரியாது.

• வண்டி நின்றது, கேட்டில் சரக்கை வாங்க மறுத்தது, லைன் நிற்கப் போகிறது போன்ற அவசரங்கள்.

• கட்டணத்தை உயர்த்தும் செய்தி. தானியங்கி மெயிலில் போனால் கோபம் வரும், போனில் காரணம் சொன்னால் பேரம் வரும். பேரம் பரவாயில்லை.

• தப்பு நம் பக்கம் என்றால் மன்னிப்பு. அதை டெம்ப்ளேட்டில் அனுப்பக் கூடாது.

• திடீரென பயன்படுத்துவதைக் குறைத்தவரிடம் ஏன் என்று கேட்பது. குறைந்ததை மெஷின் கண்டுபிடிக்கலாம், கேட்க வேண்டியது ஆள்.

இப்போது முதலில் சொன்ன சுங்குவார்சத்திரம் வண்டிக்கு வருவோம். தொழில் தெரிந்த ஒருவர் போனை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

சரியான ஆவணம் இல்லாமல் சரக்கு பிடிபட்டால், உரிமையாளர் முன்வரும் பட்சத்தில் வரியைப்போல் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அதனால்தான் டிரைவர் பயப்படுகிறார். ஆனால் வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியது போன்ற சின்னப் பிழைக்கு அவ்வளவு பெரிய நடவடிக்கை வேண்டாம், மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டுக்கும் தலா ரூ.500 அபராதம் போதும் என்று 2018 செப்டம்பர் 14-ம் தேதியே மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

அவர் அந்தச் சுற்றறிக்கையை டிரைவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். அதிகாரியிடம் எதைக் காட்டுவது என்று சொல்வார். பெங்களூரு ஆலையின் ஸ்டோர்ஸுக்கு 'வண்டி 2 மணி நேரம் லேட்' என்று தகவல் சொல்லுங்கள் என்பார். சுற்றறிக்கை எண்ணை சாட்பாட்டும் சொல்லும். ஆனால் 'அண்ணே, பதறாதீங்க, இது 200 பர்சென்ட் கேஸ் இல்ல' என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்வது வேறு.

அப்படியானால் ஓனர் 24 மணி நேரமும் போனில் இருக்க வேண்டுமா?

கூடாது. இந்தத் தொழிலில் பலர் செய்யும் தவறு இது. மனித உறவு என்ற பெயரில் ஓனரின் சொந்த எண் எல்லா வாடிக்கையாளரிடமும் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்வேர்டு மறந்தவரும் அவரைத்தான் கூப்பிடுவார். நாலு பேர் தூங்காமல் இருந்தால்தான் ஓடும் என்றால் அந்தத் தொழிலும் நீடிக்காது, அந்த நாலு பேரின் உடம்பும் தாங்காது.

இதற்கும் வழி மெஷின்தான். சாதாரண கேள்விகளை அது வடிகட்டினால், இரவில் ஆளைத் தொட வேண்டியது சில அழைப்புகள் மட்டும். அதற்கு முறை வைத்து ஒருவர் ஒரு டூட்டி போனை வைத்திருக்கலாம். சாட்பாட்டின் முதல் திரையிலேயே 'வண்டி நின்றுவிட்டதா? இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு பட்டன் இருக்கட்டும். ஏழு மெனு தாண்டிப் போய்த் தேடும்படி வைத்தால் அது ஆன்டான் கயிறே இல்லை.

இன்னொன்றும் முக்கியம். போனை எடுப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். 'மேலிடத்தில் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்ல முடிந்தால், அவரும் சாட்பாட்டும் ஒன்றுதான்.

வேலைவாய்ப்புக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. டிப்ளமோ, டிகிரி முடித்த உள்ளூர் பிள்ளைகளுக்கு ஐடி துறையின் முதல் படி பெரும்பாலும் இந்த சப்போர்ட் வேலைதான். எளிய அழைப்புகளை எல்லாம் ஏஐ எடுத்துக்கொண்டால் அந்த முதல் படியே போய்விடும்.

நிறுவனத்துக்கும் இதில் நஷ்டம் உண்டு. இன்று கடினமான அழைப்பைச் சமாளிப்பவர், நேற்று ஆயிரம் எளிய அழைப்புகளைக் கேட்டுத்தான் தொழில் கற்றார். நாளைக்கு அந்த ஆள் எங்கிருந்து வருவார்? ஜோஹோ 2005-லேயே பள்ளி, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. குட்டி நிறுவனங்களால் தனிப் பள்ளி நடத்த முடியாது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவரை முதல் மூன்று மாதம் யூனிட்டுகளுக்கு அனுப்பி, டிஸ்பேட்ச் பக்கத்தில் நிற்க வைக்க முடியும். ஏஐ போட்ட பதில்களைப் படித்துத் திருத்தும் வேலையைக் கொடுக்க முடியும். அதுவும் ஒரு படிப்புதான்.

கடைசியில் என்ன?

ஆட்டோமேஷனா, ஆளா என்று கேட்பதே கேள்வியைத் தப்பாகப் போடுவது. மெஷினால் மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதை வெறும் லாபமாக எடுத்துக்கொண்ட நிறுவனங்கள் பின்னால் ஆள் தேடி ஓடின. மிச்சமான நேரத்தில் வாடிக்கையாளரின் ஷெட்டுக்குப் போய் நின்றால், அதே நேரம் அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டு வரும்.

நீங்களும் இப்படி ஒரு சின்ன சாஃப்ட்வேர் தொழில் நடத்துகிறீர்களா? ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று இரவு 10 மணிக்கு உங்கள் உதவி எண்ணுக்கு நீங்களே ஒரு வாடிக்கையாளர் மாதிரி, 'வண்டி நின்னுடுச்சு' என்று மட்டும் மெசேஜ் போடுங்கள். ஒரு ஆளின் குரல் கேட்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.